தகமை

படிவத்தை அடித்தது நான்.
ஆறு வருடத்துக்கு முன்,
மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு பின்னேரம்.
‘கல்வித் தகமை’ என்று அடித்துவிட்டேன்.
சங்கிலிக் கொம்பு ஒன்று விழவில்லை.
எண்ணூறு பேர் அதன்கீழ் நிரப்பிப் போனார்கள்,
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் காணவில்லை,
இன்று டிலோஜினி வரும்வரை.

களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே எங்கள் ஆடைத் தொழிற்சாலை.
தையலுக்கு அறுபது பேர் வேண்டும்.
சாதாரண தரம் போதும்.
பட்டதாரி கூடாது. அது முகாமையாளரின் சட்டம்:
நியமனம் வந்தால்
நூலை அறுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

‘உயர்தரம்?’
‘எழுதல்ல, சேர்.’
‘அதுக்குப் பிறகு இந்தப் பத்து வருஷம்?’
‘வீட்டிலதான்.’

குரல் நடுங்கவில்லை. ஒத்திகை பார்த்து வந்திருக்கிறாள்.
கை ஒத்திகை பார்க்கவில்லை.
என் பிழைக்கு நடுவே நீல மையில்
சின்னதாய், அவசரமாய், ஒரு கொம்பு.
க கையானது.
திருத்தியது தெரியாமலே திருத்தியிருந்தாள்.
இங்கே எங்களுக்கு வேண்டியதும்
அந்தக் கை மட்டும்தான்.

சேர் என்கிறாள் என்னை.
எனக்குக் கணிதம் டபிள்யூ. இரண்டு தரம்.

இரண்டாயிரத்து ஐந்தில் தொண்டு நிறுவனம் ஒன்று
களஞ்சியத்துக்கு லிகிதர் தேடியது.
கணிதம் சி என்றேன்.
சான்றிதழ் எங்கே என்றார்கள்.
கடல் கொண்டுபோயிற்று என்றேன்.
நான் மண்டூர். எங்கள் வளவுக்குக் கடல் வரவேயில்லை.
பெறுபேற்றுத் தாள் அக்காவின் பிஸ்கட் தகரத்தில்
காணி உறுதிகளோடு காய்ந்தபடி கிடந்தது,
இன்றைக்கும் கிடக்கிறது.

அடுத்த கதிரையில் கல்லாற்றுக்காரன், வினோகரன்.
வெறுங்கையோடு வந்திருந்தான்.
எனக்குப் பிறகு உள்ளே போய்
அவனும் அதே வசனத்தைத்தான் சொன்னான்.
‘எல்லாருக்கும் ஒரே கதையா?’
உள்ளே யாரோ சிரித்தது வாசல்வரை கேட்டது.
அவனுடைய உண்மையை
நான் முதலே செலவழித்துவிட்டேன்.

அதன்மேல் பத்தொன்பது வருட அனுபவம்.
அனுபவம் பொய்யில்லை.
இருப்புக் கணக்கில் ஒரு சாக்குப் பிழைத்ததில்லை.
யாரும் கேட்காதபோதும் சொல்லிக்கொள்வேன்,
பின்னேரப் பாதையில் வாவியைக் கடக்கையில்,
சைக்கிள்களுக்கும் மீன்பெட்டிகளுக்கும் நடுவே நின்று.

நான் கூட்டிச் சொன்னேன், அவள் கழித்துச் சொல்கிறாள்.
கணக்குத் தெரியாதவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.
ஆனால் வெளியே வரிசையில்,
சாதாரண தரத்தோடு உண்மையாகவே நின்றுபோன ஒருத்தி
அறுபத்தோராவதாய் நிற்கக்கூடும்.
அவளிடம் யார் போய் எந்தப் பொய்
சின்னதென்று சொல்வது?
யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.
தேநீர் வந்தது. ஆறிப்போயிருந்தது.

‘திங்கள் காலமை ஆறரைக்கு பஸ்’ என்றேன்.

எழும்பும்போதுதான் படிவத்தைப் பார்த்தாள்.
கொம்பைக் கண்டாள். திரும்ப இருந்தாள்.
நான் கேட்காமலே சொன்னாள்:
வந்தாறுமூலை, புவியியல் சிறப்பு,
இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.
கூடாரம் போட்டு வேலை கேட்டு
வீதியில் இருந்தது நூற்று முப்பது நாள்.
ஆய்வுக்கட்டுரை, கடல் எந்த ஊரில் எதுவரை ஏறியது என்பது.

‘சேர் எந்த ஊர்?’

‘எனக்கு ஒண்டும் கேக்கல்ல’ என்றேன்.
அவள் சொன்னதற்கா, கேட்டதற்கா,
அவளுக்கும் விளங்கியிருக்காது.

எல்லோரும் போய்விட்டார்கள்.
கணினியில் இருப்பதைத் திருத்தியாயிற்று.
லாச்சியில் இன்னும் முந்நூறு பிரதி.
இப்படியே விட்டால்
அடுத்த பட்டதாரியும் இதில் மாட்டிக்கொள்வாள்.
பேனையை எடுத்து
ஒவ்வொன்றிலும் கை வைக்கிறேன்.

கடைசிப் பாதைக்கு நேரமாகிறது.
நூற்று நாற்பது மிச்சம்.